ஏடு தந்த இல்லங்கள்

ஆடி மாதம் பதினெட்டாம் நாள் மயிலாடுதுறைக் காவிரியின் படித்துறைகளில் பெண்கள் கூடுவர். புதுப்புனலுக்குக் காதோலையும் கருகமணியும் இட்டு, சித்திரான்னம் படைத்து வழிபடுவர். சிறுவர் சப்பரம் இழுத்து வருவர். பெருகி வரும் ஆற்றுக்கு நெல் விளையும் நாடு செய்யும் இந்த மரியாதை மிகப் பழையது. தமிழகத்தில் இந்நாளோடு பிணைந்திருந்த மற்றொரு வழக்கம் இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. வீட்டைத் துப்புரவு செய்து, பரணில் கிடந்த பழைய ஓலைச்சுவடிகளைக் கட்டாகக் கொண்டுவந்து ஆற்றுவெள்ளத்தில் விடும் வழக்கமே அது.

அவ்வழக்கத்தால் தமிழ் இழந்த நூல்கள் பல. ஆயினும் அதே காலத்தில், காவிரிக் கரையிலேயே, சில இல்லங்கள் தம் சுவடிகளை ஆற்றில் விடவில்லை. தேடி வந்தவர் கையில் தந்தன. அவற்றுள் குடந்தையிலிருந்த சமண இல்லங்களுக்குத் தனிச் சிறப்பு உண்டு. வீட்டிலுள்ள பழம்பொருளை அகற்றுவது வேறு, அதைத் தக்கார்க்கு ஈவது வேறு என்பதை அந்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பரணில் சேர்ந்தவை

காவிரிப் படுகையின் பழைய வீடுகள் திண்ணை, நடை, முற்றம், கூடம், கொல்லை என நீண்டு செல்பவை. கூடத்தை ஒட்டிய அறையின் மேல் பரண் இருக்கும். திருமணத்துக்கு மட்டுமே கீழே இறங்கும் அண்டாக்கள், வெண்கலப் பானைகள், பிள்ளைகள் வளர்ந்தபின் ஏற்றிவைத்த தொட்டில், பழைய மரக்கால், பிடி கழன்ற விளக்கு ஆகியவற்றோடு துணியில் சுற்றிய ஓலைக்கட்டுகளும் அங்கே கிடக்கும். நிலக் கணக்கு, சாதகம், மருந்துக் குறிப்பு, தலபுராணம், காவியம் என எல்லாம் ஒன்றாகவே இருக்கும். எது கணக்கு, எது காவியம் என்று பிரித்தறியும் கண் வீட்டில் ஒருவருக்கேனும் இருந்தவரையில் அவை செல்வம். அந்தக் கண் மறைந்தபின் அவை சுமை.

ஓலை நிலையான பொருள் அன்று. பனையோலையைப் பதப்படுத்தி, அளவாக நறுக்கி, எழுத்தாணியால் கீறி, மையாடித் தெளிவாக்கினாலும் அதன் வாழ்நாளுக்கு ஓர் எல்லை உண்டு. ஆண்டில் பல மாதம் நீர் நிற்கும் வயல்களுக்கு நடுவே, ஈரக்காற்றும் செல்லும் இராமபாணப் பூச்சியும் அதை அரித்துவிடும். ஆகவே சில தலைமுறைகளுக்கு ஒருமுறை பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படி எடுப்பது கற்றோர் கடமையாக இருந்தது. படி எடுத்தபின் சிதைந்த மூல ஏட்டைக் குப்பையில் எறிய மனம் ஒப்பாது. கலைமகளின் வடிவாகக் கருதப்பட்ட அதை நீரிலோ வேள்வித் தீயிலோ சேர்ப்பதே மரியாதை எனக் கொள்ளப்பட்டது. ஆற்றில் ஏடு விடும் வழக்கத்துக்கு இப்படிப் பொருத்தமான ஒரு காரணம் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. அச்சுப் புத்தகங்களும் புதிய பள்ளிகளும் வந்தன. திண்ணைப் பள்ளியில் ஏடு எழுதப் பழகிய தலைமுறை குறைந்தது. படி எடுக்கும் பழக்கம் நின்றது. பழைய ஏட்டை ஆற்றில் விடும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. வழக்கத்தின் ஒரு பாதி அழிந்து மறுபாதி மட்டும் தொடர்ந்ததே கேட்டுக்குக் காரணமாயிற்று. ஏட்டை ஆற்றில் விட்டவர்கள் தீயோர் அல்லர். வீட்டையும் துப்புரவாக்கி, முன்னோர் பொருளுக்கும் மரியாதை செய்துவிட்டதாகவே அவர்கள் நிறைவு கொண்டனர்.

மிகுபொருளும் நால்வகைத் தானமும்

இல்லத்தில் பொருள் மிகுதல் குறித்துச் சமண அறம் தெளிவான நெறி வகுத்துள்ளது. துறவியர்க்கு முற்றத் துறத்தல் மாவிரதம். இல்லறத்தார்க்கு அளவு வரையறுத்துக்கொள்ளுதல் அணுவிரதம். ஐந்து அணுவிரதங்களுள் இது ஐந்தாவது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகத்தைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குரிய இவ்விரதங்களை விளக்குகிறது.

உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் தன் ஏழாம் அத்தியாயத்தில் விரதங்களைப் பேசும்போது, வரையறை செய்ய வேண்டிய பொருள்களையும் எண்ணிக் காட்டுகிறது. நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம் என்று தொடங்கும் அவ்வரிசை துணிமணி, பாத்திரம் வரையில் செல்கிறது. பெருஞ்செல்வம் மட்டுமன்றி, பரணில் கிடக்கும் பாத்திரமும் அறத்தின் கணக்கில் உண்டு என்பது கருதத்தக்கது. மேலும், பற்றே பரிக்கிரகம் என்று அந்நூல் இலக்கணம் கூறுகிறது. பொருள் வீட்டில் இருப்பதைவிட, அதை விடமாட்டாமல் மனம் பற்றிக் கிடப்பதே கட்டு.

விடுதலுக்கும் ஈதலுக்கும் உள்ள வேறுபாடும் அங்கேயே தெளிவுபடுகிறது. தன்னுடையதைப் பிறர்க்குப் பயன்படுமாறு அளிப்பது தானம். அந்தப் பயன் பெறுவோனுக்கு மட்டுமன்று, தருவோனுக்கும் உண்டு என்பது உரையாசிரியர் கருத்து. கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்போன், பெறுவோன் ஆகிய நான்கின் தகுதியால் தானம் சிறக்கும். கொடுப்போனுக்கு வேண்டிய ஏழு குணங்களை எண்ணும்போது, நம்பிக்கை, பொறுமை, அவாவின்மை ஆகியவற்றோடு மகிழ்ச்சியையும் ஒன்றாகச் சேர்த்தனர் ஆசாரியர். முகம் சுளித்துத் தருவது முழுத் தானம் ஆகாது என்பது அதன் கருத்து.

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானம் நால்வகைப்படும். முதல் மூன்றும் உடலையும் உயிரையும் காப்பவை. நான்காவதான சாத்திர தானம் அறிவைக் காப்பது. நூலைப் படி எடுத்துத் துறவியர்க்கும் கற்போர்க்கும் ஜினாலயங்களுக்கும் அளிப்பதைச் சமணச் செல்வரும் பெண்டிரும் பெரும்புண்ணியமாகக் கருதி வந்தனர்.

பொன்னூர் மலையோடு சேர்த்துப் போற்றப்படும் குந்தகுந்தாசாரியாரைப் பற்றி ஒரு மரபுக்கதை உண்டு. தென்னாட்டில் ஒரு வணிகரின் இல்லத்தில் மாடு மேய்க்கும் இளைஞன் ஒருவன் இருந்தான். ஒருநாள் காட்டுத் தீயில் காடு முழுவதும் கருகியிருக்க, நடுவில் சில மரங்கள் மட்டும் பசுமையாக நிற்பதைக் கண்டான். அருகே சென்று பார்த்தபோது, முனிவர் ஒருவர் தங்கிய இடமும் ஆகமச் சுவடிகள் அடங்கிய ஒரு பேழையும் தென்பட்டன. அவற்றை வீட்டுக்குக் கொணர்ந்து தூய இடத்தில் வைத்து நாள்தோறும் வழிபட்டான். பின்னர் முனிவர் ஒருவர் அவ்வில்லத்துக்கு எழுந்தருளினார். தலைவர் அவருக்கு ஆகார தானம் செய்தார். இளைஞன் தான் போற்றிய சுவடிகளை அவர் கையில் அளித்தான். அந்தத் தானத்தின் பயனாக, மறுபிறப்பில் அவ்வில்லத்து மகனாகத் தோன்றிக் குந்தகுந்தராக விளங்கினான் என்பது கதை.

எழுதப் படிக்க அறியாத அவ்விளைஞன் ஏட்டைக் குப்பை என எறியவில்லை. தனக்கே உரியது எனப் பூட்டி வைக்கவும் இல்லை. உரியவர் வரும்வரை காத்து, வந்தபோது தந்தான். சுவடி வைத்திருக்கும் எந்த இல்லத்துக்கும் அவன் செயலே இலக்கணம்.

மாயூரத்து மாணவர்

1871-ஆம் ஆண்டில் பதினாறு வயது இளைஞர் ஒருவர் மாயூரத்துக்குக் கல்வி தேடி வந்தார். அவரே பிற்காலத்தில் மகாமகோபாத்தியாயர் எனப் போற்றப்பட்ட உ.வே. சாமிநாதையர். மயிலாடுதுறை அந்நாளில் மாயூரம் என்றும் மாயவரம் என்றும் வழங்கியது. அங்கே வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடம் கேட்டார். பின்னர் அருகிலுள்ள திருவாவடுதுறை ஆதீனத்திலும் அக்கல்வி தொடர்ந்தது. 1876-இல் ஆசிரியர் மறைந்த பிறகும் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் அவர் மடத்திலேயே தங்கிக் கற்றும் கற்பித்தும் வந்தார். 1880 பிப்ரவரியில் தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார்.

அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, குடந்தையில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் சந்தித்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் தாம் கற்ற அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் எனப் பெரும்பட்டியல் கூறினார். முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் ஆண்டுக்கணக்கில் கற்றவருக்கு அந்நூல்கள் பாடமாகியிருக்கவில்லை. அக்காலத் தமிழ்க் கல்வியின் எல்லை அவ்வளவே.

முதலியார் அத்தோடு நில்லாமல், தம்மிடமிருந்த சிந்தாமணிப் படியை ஐயரிடம் தந்தார். அரும்பாடுபட்டுத் தேடிய பொருளை, முன்பின் அறியாத ஓர் இளம் ஆசிரியரிடம் ஒப்படைத்தார். பின்னர்த் திருவாவடுதுறை மடத்தின் ஏட்டுச் செல்வமும் ஐயருக்குத் திறந்தது. சைவ மடம் ஒன்று சமணக் காவியம் பதிப்பிக்கப்படத் துணை நின்றது என்பது அந்நாளைய தமிழறிஞரின் விரிந்த உள்ளத்துக்குச் சான்று.

குடந்தைச் சமண இல்லங்கள்

ஏடு கிடைத்தது, பொருள் விளங்கவில்லை. திருத்தக்கதேவர் சமணத் துறவி. 13 இலம்பகங்களும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட அவர் காவியத்தில் வினை, உயிர், வீடுபேறு பற்றிய சமணக் கொள்கைகள் ஊடும்பாவுமாகப் பின்னியுள்ளன. நச்சினார்க்கினியர் உரையும் அக்கொள்கைகளை அறிந்த வாசகரையே எதிர்நோக்குகிறது. சைவ நூல்களில் தோய்ந்த ஐயருக்குப் பல இடங்கள் இருளாகவே இருந்தன.

அப்போதுதான் குடந்தையில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் செல்லும் எண்ணம் அவருக்கு எழுந்தது. சந்திரநாத செட்டியார் என்பவர் உதவியால் அத்தொடர்பு வாய்த்தது. அங்கே வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோர் ஐயருக்கு அறிமுகமாயினர். ஐயர் சென்றபோது அவ்வில்லம் தோரணமும் கோலமுமாகப் பொலிந்திருந்தது. திருமணமோ வேறு விசேடமோ என்று எண்ணி அவர் வினவினார். சிந்தாமணி படித்து முடித்ததற்கான கொண்டாட்டம் அது என்று விடை வந்தது. பல மாதங்கள் முறையாகப் படித்து நிறைவு செய்த நாளை இல்லத்தார் விழாவாகக் கொண்டாடினர்.

வித்துவான்கள் பலர் கண்ணால் காணாத நூல், சமணர் வீட்டில் நாள்தோறும் ஓதப்படும் நூலாக இருந்தது. மற்ற வீடுகளின் பரண்களில் ஏடு உறங்கிய காலத்தில், அவ்வீட்டில் அது கூடத்துக்கு இறங்கி வந்து, விரித்து வைக்கப்பட்டு, பொருள் சொல்லப்பட்டு, முடிந்த நாளில் வாயிலில் தோரணமும் பெற்றது. பயன்படும் பொருள் ஒருநாளும் சுமையாவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஐயர் தம் ஐயங்களைக் கேட்டார், அவர்கள் விளக்கினர். அதன்பின் அவர் அடிக்கடி அவ்வில்லங்களுக்குச் சென்றார். சமணர்கள் தங்களிடமிருந்த ஏடுகளை மட்டுமன்றி, தலைமுறை தலைமுறையாகச் செவிவழி காத்த பொருளையும் வழங்கினர். ஏட்டில் எழுத்தே இருக்கும்; அதன் மரபுப்பொருள் மனிதரிடமே இருக்கும். வேற்றுச் சமயத்தார் ஒருவருக்கு அந்த இரண்டையும் ஒளிக்காமல் தந்ததே அவர்கள் செய்த சாத்திர தானம்.

இத்தொடர்பில் இனிய நிகழ்ச்சி ஒன்றை ஐயர் தம் வரலாற்றில் பதிந்துள்ளார். சமணக் கருத்துகளை அவர் ஆர்வத்தோடு ஆராய்வதைக் கண்ட ஓர் இல்லத்து அம்மையார், அவரைப் பவ்விய சீவன் என்று குறித்தாராம். வீடுபேற்றுக்குத் தகுதி வாய்ந்த உயிரைப் பவ்வியம் என்பது சமண வழக்கு. திருநீறு அணிந்த அந்தணர் ஒருவரைச் சமணப் பெண்மணி அச்சொல்லால் சிறப்பித்ததில் வெளிப்படுவது அவ்வில்லத்தின் மகிழ்ச்சி. தாம் பேணிய நூலைப் பிறர் ஒருவர் அதே அன்போடு தொடுவதைக் காணும் மகிழ்ச்சி அது. கொடுப்போன் குணங்களுள் ஒன்றாக ஆசாரியர் எண்ணியது இதனையே.

1887-இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறியது. முன்சீப் தந்த படி, மடத்து ஏடு, பல ஊர்களிலிருந்து திரட்டிய சுவடிகள், சமண இல்லங்களின் விளக்கம் ஆகியவை அப்பதிப்பில் ஒன்றுகூடின. அவற்றுள் எந்த ஒன்று கைக்கு வராமல் பரணிலேயே தங்கியிருந்தாலும் அந்நூல் அவ்வடிவில் வெளிவந்திராது.

ஆறும் தீயும் கொண்டவை

சிந்தாமணி தந்த ஊக்கத்தால் ஐயர் சுவடி தேடி ஊர் ஊராகப் புறப்பட்டார். அப்பயணங்களில் அவர் கண்ட காட்சிகள் எல்லாம் மகிழ்ச்சி தரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு வீட்டில், இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்டதாகச் சொல்லக் கேட்டார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் குவிந்திருந்த பழஞ்சுவடிகள், சாத்திரப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்ட செய்தி கேட்டு நொந்தார். இரண்டு இடங்களிலும் வேலையைச் செய்தவர்கள் ஒழுங்கான செயல் ஒன்றைச் செய்ததாகவே நம்பினர். இடம் தூய்மையாயிற்று. எந்த நூல் போயிற்று என்பதை அறிய இனி வழியே இல்லாமற் போயிற்று.

இதற்கு நேர்மாறான காட்சி ஆழ்வார்திருநகரியில் கிடைத்தது. பத்துப்பாட்டுச் சுவடி தேடி ஐயர் அங்கே இலட்சுமண கவிராயரின் இல்லத்தில் தங்கினார். ஏராளமான ஏடுகளைப் பிரித்துப் பார்த்தும் தேடியது கிடைக்கவில்லை. அவ்வீட்டுச் சுவடிகளில் ஒரு பகுதி உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தது பிறகு தெரியவந்தது. கவிராயர் அங்கே சென்று அதைப் பெற்று, கோயில் திருவிழா நடந்த இரவில் ஐயரிடம் கொணர்ந்து தந்தார். நிலவொளியிலேயே ஏட்டைப் பிரித்த ஐயர் முல்லைப்பாட்டைக் கண்டு மகிழ்ந்தார். 1889-இல் பத்துப்பாட்டு வெளிவந்தது.

அதன்பின் 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை, 1903-இல் ஐங்குறுநூறு, 1904-இல் பதிற்றுப்பத்து, 1918-இல் பரிபாடல், 1937-இல் குறுந்தொகை என நூல்கள் தொடர்ந்தன. இவற்றின் பின்னே பெயர் தெரியாத எத்தனையோ இல்லத்தார் பரணிலிருந்து கட்டை இறக்கித் தந்திருக்கின்றனர். இப்பணியில் ஐயர் தனியரும் அல்லர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை, தோலாமொழித்தேவரின் சூளாமணியை 1889-இல் பதிப்பித்தார். ஏடுகள் கண்முன்னே அழிவதை எண்ணி வருந்தி, தாம் பதிப்பித்த நூல்களின் முன்னுரைகளில் அவர் தமிழருக்கு விடுத்த வேண்டுகோள் இன்றும் உள்ளத்தை உருக்குவது. பின்னர்ச் சமண சமூகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார், 1923-இல் மேருமந்தர புராணத்தையும் 1936-இல் நீலகேசியையும் வெளியிட்டார். பிறர் நூல்களைப் பெற்றுச் சென்ற வழியிலேயே சமணரும் தம் நூல்களைத் தாமே உலகுக்கு வழங்கினர்.

காத்தலும் பூட்டலும்

ஏட்டை அழியாமல் வைப்பது மட்டும் போதுமா என்ற கேள்விக்கும் சமண வரலாற்றில் விடை உண்டு. கிர்னார் மலைக் குகையில் தரசேனாசாரியார், தம்மோடு ஆகம அறிவு மறைந்துவிடலாகாது என்று கருதிப் புட்பதந்தர், பூதபலி ஆகிய இரு முனிவர்க்குக் கற்பித்தார். அவர்கள் சட்கண்டாகமத்தை எழுத்தில் அமைத்து முடித்த நாளே சுருத பஞ்சமி. அந்நாளில் சாத்திரங்களை வெளியே எடுத்து, தூசு தட்டி, புதுத்துணி சுற்றி, வழிபட்டுப் படிப்பது சமணர் மரபு. ஆண்டுக்கொருமுறை ஏட்டைக் கண்ணால் பார்க்க வைக்கும் அந்த விழா, ஏட்டைக் காக்கும் வழியாகவும் அமைந்தது.

அச்சட்கண்டாகமமும் அதன் உரையான தவளமும், கருநாடகத்து மூடுபித்ரியில் ஓலைச்சுவடிகளாகத் தங்கின. பன்னெடுங்காலம் பெரும்பாலோர்க்கு அவை தரிசனப் பொருளே. படிக்கும் நூல் அல்ல. தொலைவிலிருந்து யாத்திரை வந்தோர் கட்டைக் கண்டு வணங்கிச் சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஏடு நொறுங்குவதைக் கண்ட சான்றோர் படி எடுக்க முயன்றனர். பல்லாண்டு உழைப்புக்குப் பின் படிகள் வெளியே சென்றன. 1939-இல் ஹீராலால் ஜெயின் பதிப்பில் தவளத்தின் முதல் தொகுதி வெளிவந்து, 16 தொகுதிகளாக அப்பணி நிறைவுற்றது. பேழையில் இருந்தவரை அழியக்கூடிய ஒரே பொருளாக இருந்தது, வெளியே வந்தபின் ஆயிரம் கைகளில் அழிவற்றதாயிற்று.

பிற நாட்டிலும் இதை ஒத்த ஒரு வரலாறு உண்டு. கெய்ரோ நகரில் யூதர்களின் பழைய தொழுகைக்கூடம் ஒன்றில், சிதைந்த எழுத்துகளை இட்டுவைக்க மேல்மாடியில் ஓர் அறை இருந்தது. இறைவன் பெயர் எழுதிய தாளை அழிக்கலாகாது என்பதால் அவற்றை அங்கே போட்டுவைத்தனர். 1896-97-இல் சாலமன் செக்டர் என்னும் அறிஞர், அத்தொழுகைக்கூடத்தாரின் இசைவோடு அவற்றுள் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சென்றார். ஏறக்குறைய இரண்டு இலட்சம் துணுக்குகள் அவ்வாறு கிடைத்தன. இந்தியாவோடு நடந்த கடல் வாணிகம் பற்றிய கடிதங்களும் அவற்றுள் இருந்தன. தூசு படிந்த பரண் ஒன்று, ஈந்தபின் வரலாற்றுக் கருவூலமாயிற்று.

இன்றைய பரண்

இவ்வரலாறு பழங்கதையாக முடிந்துவிடவில்லை. கும்பகோணம் சந்திரப்பிரபர் ஆலயம், கரந்தை ஆதிநாதர் ஆலயம், மன்னார்குடி மல்லிநாதர் ஆலயம், தீபங்குடி ஜினாலயம் ஆகியவை காவிரி நாட்டில் சமணம் தழைத்ததற்குச் சான்றாக நிற்கின்றன. அவற்றைச் சூழ்ந்து வாழ்ந்த குடும்பங்களுள் பல, கல்வி வேலை காரணமாகச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்துவிட்டன. தென்னார்க்காடு, வடார்க்காட்டுச் சிற்றூர்களிலும் இதே நிலைதான். முதியோர் மறைந்தபின் பூட்டிய வீடுகள் விற்கப்படுகின்றன. பதிவுக்கு முந்திய இரண்டு மூன்று நாள்களில் வீட்டை ஒழித்துத் தரவேண்டிய அவசரம் நேர்கிறது. பாத்திரம் எடைக்குப் போகிறது; மரச்சாமான் விலைக்குப் போகிறது; தாளும் ஓலையும் பழைய தாள் வாங்குவோர் வண்டியில் ஏறுகின்றன. ஆடிப்பெருக்கில் ஏடு விட்டவர்களிடம் மரியாதையேனும் இருந்தது. இன்றைய அவசரத்தில் அதுவும் இல்லை.

அந்தக் கட்டுகளில் என்ன இருக்கக்கூடும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். பாட்டனார் தம் கையால் படி எடுத்த ஸ்ரீபுராணம், கிரந்தமும் தமிழும் கலந்த தோத்திரத் திரட்டு, நோன்புக் கதைகள், ஜினாலயத் திருப்பணிக் கணக்கு, பாட்டியார் நோட்டுப்புத்தகத்தில் எழுதிய வழிநடைப் பாடல்கள் ஆகியவை அங்கே இருக்கலாம். ஓலை மட்டுமே சுவடி அன்று. அறுபது எழுபது ஆண்டுக்கு முற்பட்ட கையெழுத்து நோட்டும், முந்தைய விழா மலர்களும், சிறு வெளியீடுகளும் ஒரு சிறிய சமூகத்துக்கு வரலாற்று ஆவணங்களே. அவற்றின் மற்றொரு படி எங்கும் இல்லாமலும் இருக்கலாம்.

ஆகவே பரணை ஒழிக்கும் இல்லத்தார்க்குச் சில நெறிகள் பயன்படும். முதலில் எதையும் எறியாமல், எழுத்து உள்ளவை, எழுத்து இல்லாதவை என இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஓலைக்கட்டைத் தண்ணீரால் கழுவுவதோ, ஒட்டிய ஏடுகளை வலிந்து பிரிப்பதோ, கையில் கிடைத்த எண்ணெயைப் பூசுவதோ கூடாது. மென்மையான தூரிகையால் தூசு நீக்கி, பருத்தித் துணியில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும். எந்த ஊர், எந்த இல்லம், யார் வழி வந்தது என்ற குறிப்பை ஒரு தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும். அக்குறிப்பு இல்லாத ஏடு, பெயர் தெரியாத உறவினர் படம் போன்றது.

அடுத்து, படிக்கத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடமும் அருகிலுள்ள ஜினாலயத்துப் பெரியோர்களும் வழிகாட்டுவர். தஞ்சையில் சரசுவதி மகால் நூலகமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும், சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனமும் சுவடிகளைப் பேணி வருகின்றன. உ.வே. சாமிநாதையர் 1942-இல் மறைந்தார். மறு ஆண்டே சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையம், அவர் திரட்டிய ஏடுகளை இன்றும் காத்து வருகிறது. வாழ்நாளெல்லாம் பிறர் பரண்களிலிருந்து பெற்றவரின் செல்வமும் இறுதியில் பொதுவுக்கே ஈயப்பட்டது. முன்னோர் நினைவாக ஏட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்புவோர், மின்படி எடுக்க இசைவு தந்தாலும் அதுவும் சாத்திர தானமே.

ஏடு இல்லாத இல்லங்களுக்கும் இந்நெறி பொருந்தும். திருமணத்துக்கென வைத்திருக்கும் அண்டாவும் தவலையும், திருமணங்கள் மண்டபத்துக்குப் போய்விட்ட இக்காலத்தில் பரணில் கறுத்துக் கிடக்கின்றன. ஜினாலய மடைப்பள்ளியில் அவை விழாதோறும் அடுப்பேறும். பிள்ளைகள் படித்து முடித்த நூல்கள் ஊர்ப் பள்ளியில் பிற பிள்ளைகள் கைக்குச் செல்லும். பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டால் கிடைப்பது சில நூறு ரூபாய். அதே பாத்திரத்தில் சமைத்த உணவைப் பந்தியில் ஊரார் உண்ணக் காணும் முதியோர் முகத்தில் தோன்றும் நிறைவுக்கு எடைக்கல் இல்லை.

சிந்தாமணியின் முடிவில் திருத்தக்கதேவர் ஒரு காட்சி வைத்துள்ளார். அரசனாகி வாழ்ந்த சீவகன் ஒருநாள் சோலையில் உலவும்போது, ஆண்குரங்கு ஒன்று பலாச்சுளையைத் தன் மந்திக்குக் கொடுப்பதைக் காண்கிறான். சோலைக் காவலன் வந்து குரங்குகளை அடித்து விரட்டி, அப்பழத்தைப் பறித்துக்கொள்கிறான். வலியோன் வந்தால் கையிலிருப்பது எதுவும் நில்லாது என்று அப்போது சீவகன் தெளிகிறான். கட்டியங்காரனிடமிருந்து தான் கொண்ட அரசும் அவ்வகையினதே என உணர்ந்து, அரசைத் துறந்து தவம் மேற்கொள்கிறான்.

அக்காவியத்தின் ஏடுகளுக்கும் அந்த விதியே வந்தது. பற்றி வைத்தவர்களிடமிருந்து செல்லும் தீயும் வெள்ளமும் பறித்துக்கொண்டன. குடந்தைச் சமண இல்லங்கள் தந்த பொருள் மட்டும் பறிபோகவில்லை. அச்சில் ஏறி, இன்று தமிழ் கற்கும் பிள்ளைகளின் பாடநூல் வரையில் வந்து சேர்ந்துள்ளது. அடுத்த சுருத பஞ்சமிக்கு முன், பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு பூர்விக வீட்டின் பரணும் ஒருமுறை இறக்கிப் பார்க்கப்படுமானால், அந்த இல்லங்களின் வரிசையில் இன்னும் சில இல்லங்கள் சேரும்.